பதினைந்து கிராம் யுரேனியமும் இரண்டரை டன் கரியும்: அணு மின்சாரத்தின் சுற்றுச்சூழல் கணக்கு

கோலாலம்பூரில் ஏதோ ஒரு தாமானில் இருக்கும் சாதாரணத் தரைவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஏர்கோன், நாள் முழுக்க ஓடும் ஐஸ் பெட்டி, குளிக்கச் சுடுநீர், சமையலறையில் ரைஸ் குக்கர். தெனாகா பில்லில் மாதம் 400 யூனிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,800 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.

இந்த 4,800 யூனிட்டையும் நிலக்கரியில் எடுத்தால், யூனிட்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ வீதம் 2,400 கிலோ கரி எரிய வேண்டும். அதையே அணு உலையில் எடுத்தால், சுண்டுவிரல் நுனி அளவிலான யுரேனிய வில்லைகள் இரண்டும் கொஞ்சமும் போதும். ஒரு வில்லை 7 கிராம். மொத்தம் 15 கிராம். அணு மின்சாரம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த எடை வித்தியாசத்திலிருந்தே பிறக்கின்றன. உள்ளே போகும் பொருள் குறைவு, அதனால் வெளியே வரும் பொருளும் குறைவு. அதன் தொல்லைகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன: அவ்வளவு ஆற்றலை அவ்வளவு சிறிய இடத்தில் அடக்கி வைத்தால் அதைக் கவனமாகக் காக்க வேண்டும்.

உலைக்குள் எதுவும் எரிவதில்லை

கிள்ளானுக்கு அருகே காப்பாரிலும், பேராக்கில் மஞ்சோங்கிலும் உள்ள நிலக்கரி நிலையங்களில் கரியை மாவாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதி எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகி, நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி கரண்ட் தருகிறது. அணுமின் நிலையத்திலும் சுழலி, மின்னாக்கி, உயர் அழுத்தக் கம்பி எல்லாம் அதேதான். கொதிகலன் மட்டும்தான் வேறு.

யுரேனியம் 235 என்ற அணுவின் கருவில் ஒரு நியூட்ரான் மோதினால் கரு இரண்டாகப் பிளக்கிறது. வெப்பமும் வருகிறது, இரண்டு மூன்று நியூட்ரான்களும் வருகின்றன. அவற்றுள் ஒன்று அடுத்த கருவைப் பிளக்கும். தொடர் இப்படியே ஒரே வேகத்தில் போகும்படி, நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை ஏற்றி இறக்கிச் சமன் செய்கிறார்கள். வில்லைகள் நான்கு மீட்டர் நீளச் சிர்கோனியக் குழாய்களில் அடுக்கப்பட்டிருக்கும். இன்று உலகில் பெரும்பான்மையாக இருக்கும் அழுத்த நீர் உலையில், குழாய்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் 320 டிகிரி வரை சூடாகும். ஆனால் வளிமண்டலத்தைப் போல் 155 மடங்கு அழுத்தத்தில் இருப்பதால் கொதிக்காது. இந்தத் தண்ணீர் தன் வெப்பத்தை இன்னொரு சுற்றில் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்க, அங்கேதான் நீராவி உண்டாகிறது.

இதில் எரிதல் என்பதே இல்லை, ஆக்சிஜன் தேவையில்லை. கரி எரியும்போது 12 கிராம் கார்பன் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. புகைபோக்கி வழியே போவது, உள்ளே போட்ட கரியைவிட அதிக எடையுள்ள வாயு. இதனால்தான் எரிபொருளை எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் கரியமில வாயுவை மட்டும் குறைக்க முடிவதில்லை. படங்களில் அணுமின் நிலையத்தின் அகன்ற கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதைப் புகை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது குளிரூட்டும் தண்ணீரின் ஆவி.

அப்படியானால் கரியமில வாயு பூஜ்யமா?

இல்லை. உலை வாயு விடாது. ஆனால் உலையைக் கட்ட சிமெண்டும் இரும்பும் வேண்டும், யுரேனியத்தைத் தோண்ட வேண்டும், செறிவூட்ட வேண்டும், கடைசியில் நிலையத்தைப் பிரித்துப் போட வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்து, நிலையம் தன் ஆயுளில் தரும் மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவதே ஆயுள் கணக்கு. ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2014இல் கொடுத்த நடுமதிப்புகள் இவை: ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490 கிராம், பெரிய சோலார் பண்ணை 48 கிராம், நீர் மின்சாரம் 24 கிராம், அணு 12 கிராம், நிலத்தில் நிறுத்திய காற்றாலை 11 கிராம். சோலாரின் எண் அதற்குப் பிறகு இன்னும் இறங்கியிருக்கிறது. அணு, காற்று, சூரியன் மூன்றும் ஒரே வரிசையில் நிற்பவை, இவற்றுக்குள் போட்டி பார்ப்பது வீண் வேலை. எதிர்ப்பக்கத்தில் நிற்பவை கரியும் எரிவாயுவும்.

அணுவின் 12 கிராமில் செறிவூட்டலுக்கு ஒரு காலத்தில் பெரிய பங்கு இருந்தது. இயற்கை யுரேனியத்தில் பிளக்கக்கூடிய 235 வகை 0.7 விழுக்காடுதான், உலைக்கு 3 முதல் 5 விழுக்காடு வேண்டும். பழைய வாயுப் பரவல் ஆலைகள் இதற்கு ஏராளமான மின்சாரத்தைத் தின்றன. இப்போதைய மையவிலக்கு ஆலைகள் அதே வேலையை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடிக்கின்றன. ஆகவே பழைய ஆய்வு ஒன்றில் அணுவுக்கு மிகப் பெரிய எண் போட்டிருந்தால், எந்தக் காலத்துச் செறிவூட்டலை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

நம் வீட்டுக் கணக்குக்குத் திரும்புவோம். தீபகற்ப மலேசியாவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான மின்சாரம் கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. பினாங்குவாசிகளுக்குப் பக்கத்திலேயே பிறையில் எரிவாயு நிலையம் இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்தால் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. உங்கள் பில்லில் உள்ள யூனிட் எண்ணை 0.75ஆல் பெருக்குங்கள், அந்த மாதக் கிலோ கிடைக்கும். 400 யூனிட்டுக்கு 300 கிலோ, ஆண்டுக்கு 3.6 டன். அதையே 0.012ஆல் பெருக்கினால் அணு மின்சாரத்தின் கணக்கு: மாதம் ஐந்து கிலோவுக்கும் குறைவு, ஆண்டுக்கு 58 கிலோ.

ஒரு நாட்டு அளவில் இது நடந்ததற்கு பிரான்ஸ் சாட்சி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974இல் முடிவெடுத்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் உலைகளை வரிசையாகக் கட்டினார்கள். இன்று அங்கே மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. யூனிட்டுக்குக் கரியமில வாயு 100 கிராமுக்கும் கீழே. பக்கத்து நாடான ஜெர்மனி சோலாரிலும் காற்றாலையிலும் மிகப் பெரிய முதலீடு செய்த நாடு. ஆனால் 2023 ஏப்ரல் 15இல் கடைசி அணு உலைகளை மூடிவிட்டது, கரியை இன்னும் விடவில்லை. அங்கே யூனிட்டுக்கு 300 கிராமுக்கு மேல்.

மூச்சுக் காற்று

பருவநிலையைப் பற்றிப் பேசும்போது மறந்துபோவது இது. கரி எரிந்தால் கரியமில வாயுவோடு கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் எல்லாம் வரும். வடிகட்டிகள் பெரும்பகுதியைப் பிடித்தாலும் மிச்சம் நுரையீரலுக்குள் போகிறது. விபத்து, காற்று மாசு இரண்டையும் சேர்த்து, நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: நிலக்கரிக்குச் சுமார் 25, எரிவாயுவுக்கு 3, அணுவுக்கு 0.03. செர்னோபில், புகுஷிமா அணு உலை விபத்துகளும் இந்த 0.03க்குள் அடக்கம். 1971 முதல் 2009 வரை உலகம் பயன்படுத்திய அணு மின்சாரம், கரியும் எரிவாயுவும் எரிந்திருந்தால் போயிருக்கக்கூடிய 18 லட்சம் உயிர்களைக் காத்தது என்று கரேச்சா, ஹான்சன் என்ற இரு அறிவியலாளர்கள் 2013இல் மதிப்பிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வப்போது கோலாலம்பூரையும் பினாங்கையும் மூடும் புகைமூட்டம் காடும் மட்கிய சதுப்பு நிலமும் எரிவதால் வருவது. எத்தனை அணு உலை கட்டினாலும் அது போகாது.

பினாங்குத் தீவில் கால் பங்கு

1,000 மெகாவாட் உலை ஒன்று ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் முழு வேகத்தில் ஓடும். பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூன்றில் ஒரு பங்கு எரிபொருளை மாற்றுவார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 790 கோடி யூனிட் கிடைக்கும். நிலையத்துக்கு மூன்று நான்கு சதுர கிலோமீட்டர் இடம் போதும், காப்பு நிலத்தையும் சேர்த்து.

நம் ஊர் வெயிலில் சோலார் தகடு, மேகமும் மாலை மழையும் இரவும் கழிய, தன் முழுத் திறனில் சராசரியாக 16 விழுக்காடு அளவுக்குத்தான் தருகிறது. அதே 790 கோடி யூனிட்டுக்கு 5,600 மெகாவாட் தகடுகள் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு 1.2 ஹெக்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுவதுமே 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சோலாரைக் கூரையிலும் நீர்த்தேக்கத்திலும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் காட்டையோ தோட்டத்தையோ அழித்துத் தகடு பரப்பும்போது அந்த நிலத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏர்கோன் ஓடும்போது, பேட்டரியில் சேமித்தது தீர்ந்த பின் கைகொடுப்பது இன்றைக்குக் கரியும் எரிவாயுவும்தான். அணு உலை நிரப்பக்கூடிய இடம் அதுதான்.

சுரங்கத்தையும் மறைக்கக்கூடாது. நம் வீட்டுக்கான 15 கிராம் வில்லைக்குப் பின்னால் சுமார் 120 கிராம் இயற்கை யுரேனியம் இருக்கிறது, 0.1 விழுக்காட்டுத் தாதுவானால் 120 கிலோ கல். உலக யுரேனியத்தில் பாதிக்கு மேல் இப்போது தோண்டி எடுக்கப்படுவதில்லை. நிலத்தடியில் அமிலத்தைச் செலுத்தி, யுரேனியத்தைக் கரைத்து மேலே இறைக்கிறார்கள்; முதல் இடத்தில் இருக்கும் கஜகஸ்தானில் இந்த முறைதான். குன்று குன்றாகக் கழிவு மண் குவியாது. ஆனால் அந்த அமிலம் நிலத்தடி நீரில் பரவாமல் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

கழிவு: பயப்பட வேண்டியது எதற்கு?

இந்தக் கேள்விதான் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது, நியாயமான கேள்வி.

உலையிலிருந்து வெளியே எடுக்கும் பழைய எரிபொருள் பார்க்க முன்போலவே இருக்கும், அதே வில்லை, அதே குழாய். ஆனால் அருகில் கவசமின்றி நின்றால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. முதல் வேலை, அதை ஆழமான தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது. தண்ணீர் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும், கதிர்வீச்சையும் தடுக்கும். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆறிய பிறகு, தடித்த உருக்கும் கான்கிரீட்டும் கொண்ட உலர் கலங்களில் வைத்து மூடுவார்கள். உள்ளே விசிறியோ பம்போ கிடையாது, காற்று தானாக ஓடியே குளிரும். ஒரு கலத்தில் பத்துப் பதினைந்து டன் எரிபொருள் பிடிக்கும்.

1,000 மெகாவாட் உலை ஆண்டுக்கு வெளியேற்றுவது 25 முதல் 30 டன். அறுபது ஆண்டில் சேரும் கலங்களை ஒரு கால்பந்துத் திடலுக்குள் நிறுத்திவிடலாம். நம் தரைவீட்டின் பங்கு, அதே அறுபது ஆண்டுக்கு, ஒரு கிலோவுக்கும் குறைவு. யுரேனியம் கனமான பொருள் என்பதால் தே தாரிக் குவளையில் பாதிகூட நிரம்பாது. அதே ஆண்டுகளில் அந்த வீட்டுக்காக எரியும் கரி 144 டன்.

அந்தப் பழைய எரிபொருளில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்னும் யுரேனியம்தான். நூறில் ஒரு பங்கு புளூட்டோனியம். மிச்சமுள்ள நாலைந்து விழுக்காட்டுக்குள் அடங்கும் பிளவுப் பொருள்களில்தான் ஆரம்பச் சூடும் கதிர்வீச்சும் பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான சீசியம் 137க்கும் ஸ்ட்ரோன்சியம் 90க்கும் அரை ஆயுள் 30 ஆண்டு. முப்பது ஆண்டுக்கொரு முறை பாதியாகும். 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளூட்டோனியம் 239 அப்படியல்ல, அதன் அரை ஆயுள் 24,000 ஆண்டு. இதற்காகத்தான் ஆழ நிலப் புதைப்பு. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து ஒங்கலோ என்ற கிடங்கைக் கட்டியிருக்கிறார்கள். எரிபொருளைச் செம்புக் கலத்தில் வைத்து, கலத்தைச் சுற்றித் தண்ணீர் பட்டால் உப்பும் களிமண்ணை அடைத்து, பாறைக்குள் விடுவது திட்டம். செம்பு, களிமண், பாறை என்று மூன்று தடுப்பு. ஒன்று பழுதானாலும் மற்றவை நிற்கும்.

நிலக்கரிச் சாம்பலில் உள்ள ஆர்செனிக், பாதரசம், ஈயம் ஆகியவற்றுக்கு அரை ஆயுளே கிடையாது. மலேசியச் சட்டத்திலும் அந்தச் சாம்பல் கண்காணிக்க வேண்டிய கழிவுப் பட்டியலில்தான் இருக்கிறது. கரியின் கழிவில் பெரும்பகுதியோ காற்றில் போய்விடுகிறது, அதைத் திரும்பப் பிடித்து எண்ண யாராலும் முடியாது. அணுக் கழிவு ஒவ்வொரு கலத்துக்கும் எண் போட்டுக் காவல் வைக்கக்கூடியது.

கதிர்வீச்சுக் கழிவு என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது ஈப்போ அருகே புக்கிட் மேரா. 1980களில் அங்கே தோரியம் கலந்த கழிவு மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் அலட்சியமாக வைக்கப்பட்டதை எதிர்த்து ஊரே நீதிமன்றம் போனது. அந்த ஆலை மின்சாரம் தயாரித்ததல்ல, வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தது. ஆனாலும் அந்த மக்களின் கேள்வி அணுமின் நிலையத்துக்கும் பொருந்தும்: கழிவு எங்கே, யார் பொறுப்பு, யார் அளக்கிறார்கள்? திட்டம் போடும் நாளிலேயே இதற்கு எழுத்தில் பதில் கேட்பது மக்களின் உரிமை.

கடலுக்குப் போகும் சுடுநீர்

நன்மைகளை மட்டும் பேசும் கட்டுரைகள் தொடாத இடம் இது. அணு உலையின் நீராவி, புதிய கரி நிலையத்தின் நீராவியைவிடச் சூடு குறைந்தது. அதனால் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும்போது 2,000 மெகாவாட் வெப்பம் வீணாகக் கடலுக்குப் போகிறது. கடல்நீரை 10 டிகிரி சூடாக்கி விடுவதென்றால் நொடிக்கு ஏறத்தாழ 50 கன மீட்டர், அதாவது 50 டன் தண்ணீர் இறைக்க வேண்டும்.

மலாக்கா நீரிணையின் தண்ணீர் ஏற்கெனவே 30 டிகிரியை ஒட்டி இருப்பது. குளிர்நாட்டுக் கடலில் சூடு கூடினால் தாங்க ஓரளவு இடம் இருக்கும். இங்கே சிப்பிக்கும் பவளத்துக்கும் இறால் குஞ்சுக்கும் தாங்கும் எல்லை மிக அருகில் இருக்கிறது. ஆகவே சுடுநீரைக் கரையோரம் விடாமல் குழாயில் ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் பல வாயில்களில் பிரித்து விட வேண்டும். இல்லையென்றால் குளிரூட்டும் கோபுரம் கட்ட வேண்டும், அதற்குக் கூடுதல் செலவு. தமிழ்நாட்டில் கூடங்குளத்து மீனவர்கள் எழுப்பிய கேள்விகளில் இதுவும் ஒன்று. பிரான்சில் கோடை வெயிலில் ஆறு சூடாகும்போது உலைகளின் வேகத்தைக் குறைக்கிறார்கள், ஆற்றைக் காக்கும் விதி அது.

கடலும் தன் பங்குக்கு நிலையத்தைத் தொந்தரவு செய்யும். 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவலின் நிலையத்தில் ஜெல்லி மீன் கூட்டம் நீர் உறிஞ்சும் வடிகட்டிகளை அடைத்து நான்கு உலைகள் தாமாகவே நின்றன. பினாங்கின் பத்து பெரிங்கிக் கடற்கரையில் கால் நனைத்தவர்களுக்கு ஜெல்லி மீனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்த நீரிணையில் நிலையம் கட்டினால் உறிஞ்சு வாயில் அகலமாகவும், நீர் மெதுவாக நுழையும்படியும், வலை இரட்டையாகவும் இருக்க வேண்டும்.

விபத்து எப்படி நடக்கிறது

அணு உலையை நிறுத்துவது எளிது. தண்டுகள் விழுந்தால் சில நொடிகளில் பிளவு நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் பிளவுப் பொருள்கள் வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் ஆறு ஏழு விழுக்காடு, அதாவது 3,000 மெகாவாட் வெப்ப உலையில் 200 மெகாவாட். ஒரு நாளில் அது அரை விழுக்காட்டளவுக்கு இறங்கும். அதுவரையும் அதற்குப் பிறகும் தண்ணீர் ஓட வேண்டும். 2011 மார்ச் 11இல் புகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தில் உலைகள் சரியாக நின்றன. பிறகு வந்த ஆழிப்பேரலை அவசர டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது, பம்புகள் நின்றன, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டுப் போனார்கள். இப்போது கட்டப்படும் பல உலை வகைகளில் நீர்த்தொட்டியை உயரத்தில் வைத்து, பம்பும் கரண்டும் இல்லாமல் புவியீர்ப்பிலேயே குளிரவைக்கும் ஏற்பாடு இருப்பது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

நம் நாட்டில் எவ்வளவு தூரம்

மலேசியாவில் ஓர் உலை 1982 முதலே ஓடுகிறது. பாங்கியில் உள்ள அந்த உலை 1 மெகாவாட் வெப்பத் திறனுள்ளது, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் மட்டும். மின்சாரம் தராது. 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் இருக்கிறது. மஞ்சோங்கில் ஏற்கெனவே 1,000 மெகாவாட் கரி அலகுகள் ஓடுவதால், அந்த அளவு உலை ஒன்று திடீரென்று நின்றாலும் தாங்க நம் மின்கட்டமைப்புக்குத் தெரியும். 2024இல் தீபகற்பத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஓர் அலகு அதில் இருபதில் ஒரு பங்கு.

காலம்தான் நெருக்கடி. முதல் முறை கட்டும் நாட்டுக்கு, சட்டம், ஆட்கள், இடம், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்துப் பத்து முதல் பதினைந்து ஆண்டு ஆகும் என்று அனைத்துலக அணுசக்தி முகமை சொல்கிறது. வெப்பக் கடலோரத்தில் கட்டிய ஐக்கிய அரபு சிற்றரசு 2012இல் பராக்காவில் அடித்தளம் போட்டது. முதல் அலகு வணிக அளவில் ஓடத் தொடங்கியது 2021இல், நான்காவது 2024இல். இப்போது அந்நாட்டு மின்சாரத்தில் கால் பங்கு அங்கிருந்து வருகிறது.

மலேசியா 2044க்குள் கரி நிலையங்களை எல்லாம் மூடுவதாக அறிவித்திருக்கிறது. அந்த இடத்தை எரிவாயு மட்டும் நிரப்பினால் நம் தரைவீட்டின் கணக்கு ஆண்டுக்கு 3.6 டன்னிலிருந்து ஏறத்தாழ 2.4 டன்னுக்குத்தான் இறங்கும். அணு ஒரு பங்கை ஏற்க வேண்டுமானால், 2044இலிருந்து பதினைந்து ஆண்டைக் கழித்துப் பாருங்கள்: வேலை தொடங்க வேண்டிய ஆண்டு 2029.